உறுமினால் ஓடுமா?

சத்தம் போடுகிற கார்தான் வேகமாக ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்! இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார், இன்றும் அங்கே பல வீடுகளில் செல்லப் பிள்ளை. 1798 ஸி.ஸி. எஞ்சின், புகைக்குழாயில் முன்னொன்று, பின்னொன்றாக இரண்டு சைலன்ஸர்கள். குழாய் துருப்பிடித்ததோ இல்லையோ, வீட்டு ஐயாவுக்கு ஆசை வந்துவிடும். "ஒன்றைக் கழற்றிவிட்டால் சக்தி கூடுமே!"

கூடும், கொஞ்சம். ஆனால் கார்புரேட்டர் பழையபடியே இருந்தால் உள்ளே போகிற காற்றும் ஏறக்குறைய பழைய அளவுதானே? வெளிவாசலை மட்டும் அகலமாக்கி என்ன லாபம்? சத்தமோ அப்படியல்ல. பத்து டெசிபல் ஏறினாலே காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும். கூரையில்லாத காரில் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து போகிற மனைவியைக் கேளுங்கள், பேச்சு நின்று தலைவலி வந்த கதையைச் சொல்வாள். போதாதற்கு, சத்தம் கூடும்படி சைலன்ஸரை மாற்றக் கூடாது என்று அங்கே 1986-ம் வருஷத்து விதி வேறு!

நேர்க்குழாய் சைலன்ஸர் என்று ஒன்று உண்டு. சல்லடை மாதிரி துளையிட்ட குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி நார். புகை நேராகப் போய்விடும்; சத்தத்தை நார் விழுங்கும். நாளடைவில் நார் தேய்ந்தால் உறுமல் மறுபடி கிளம்பும்.

அந்த வீட்டு அம்மாள் நானாக இருந்தால், பின்னால் உள்ளதை மட்டும் அப்படி மாற்றச் சம்மதிப்பேன். பழைய சத்தத்தைத் தாண்டினால் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டு!