நிலக்கரிக்குப் பருவம் பார்க்கிறார்கள்; வெங்காயத்திற்கு?

நுரைச்சோலை என்றதும் இந்நாட்டு மக்களின் கண்முன் தோன்றுவது நிலக்கரி மின் நிலையமே. 2011ஆம் ஆண்டில் முதலாவது பொறி இயங்கத் தொடங்கி, 2014இல் மூன்று பொறிகளும் நிறைவுற்று, 900 மெகாவாற் மின்சாரம் பிறப்பிக்கும் ஆற்றலோடு அது கடலோரத்தில் நிற்கிறது. ஆனால் அதன் மதிலுக்கு வெளியே, மேற்கே கடலும் கிழக்கே புத்தளக் களப்பும் சூழ்ந்த மணற்பரப்பில், வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைவித்து நாட்டிற்கு உணவூட்டும் கமக்காரன் இருக்கிறான். அவனைப் பற்றியே இன்று நாம் பேச விரும்புகிறோம்.

மின் நிலையத்திற்கு வேண்டிய நிலக்கரி, கரைக்கு அப்பால் நங்கூரமிடும் கப்பல்களிலிருந்து சிறு கலங்களில் மாற்றிக் கொண்டுவரப்படுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் இவ்வேலை நடவாது. ஆகவே ஏறத்தாழச் செப்ரெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை இறக்கி, எஞ்சிய மாதங்களுக்கும் சேர்த்துக் குவித்து வைக்கிறார்கள். காற்றின் போக்கறிந்து ஓராண்டுக்குத் திட்டமிடும் இம்முறையை நாம் பாராட்டுகிறோம். கரி இறக்குவதிற் காட்டும் இந்த அக்கறையைப் பயிர் காப்பதிலும் காட்டலாகாதா என்பதே எமது கேள்வி.

ஐப்பசியும் கார்த்திகையும் இப்பகுதிக்கு உயிர் தரும் மாதங்கள். புத்தளம் கரையோரத்தில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை சுமார் 1,000 முதல் 1,200 மில்லிமீற்றர். அதன் பெரும்பங்கு இந்த இடைப்பருவத்திலேயே கிடைக்கிறது. முதலில் பிற்பகல் வேளைகளில் இடியுடன் மழை பொழியும். பின்னர் வங்காள விரிகுடாவில் எழும் தாழமுக்கங்கள் தொடர்மழையைக் கொண்டுவரும். கற்பிட்டிக் குடாநாட்டில் ஆறு இல்லை. மணலுக்கு அடியில் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கும் நன்னீரே அங்குள்ள கிணறுகளின் முதல். அம்முதலை நிரப்புவது இந்த மழை.

அதே மழை அளவு கடந்தால் அழிவு. தண்ணீர் தேங்கிய பாத்தியில் வெங்காயம் அழுகும். இலையில் நோய் படரும். மழைக்கு முன்தினம் இட்ட பசளை மணலினூடு கரைந்து கிணற்றுக்கே இறங்கும். இப்பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர் கண்டறிந்தனர். ஆகவே இன்று பசளை இடுவதா, நான்கு நாள் பொறுப்பதா என்பது ஒரு குடும்பத்தின் வருவாயையும் ஓர் ஊரின் குடிநீரையும் பற்றிய கேள்வியாகும்.

இதற்கு விடை தரவேண்டியது வானிலை முன்னறிவிப்பு. அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை 2025ஆம் ஆண்டு எமக்குக் கற்பித்தது. அவ்வாண்டின் இறுதிக் காலாண்டில் பசிபிக் கடலில் லா நினா நிலை தோன்றியது. இந்து சமுத்திரத்தின் வெப்ப ஊசலும் எதிர்த்திசையில் நின்றது. இவ்விரண்டும் இப்பருவத்தில் இத்தீவுக்குப் பொதுவாக மழைக்குறைவையே காட்டும் குறிகள். ஆயின் நடந்ததென்ன? நவம்பர் மாத இறுதியில் டித்வா சூறாவளி தீவை ஊடறுத்தது. ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை கண்ட இடங்கள் உண்டு. இது புத்தளத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழக் கால் பங்கு! கலா ஓயாவும் தெதுறு ஓயாவும் கரைபுரண்டன. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் பலியாயின.

பருவ முன்னறிவிப்பு மூன்று மாத மழையின் மொத்தத்தைப் பற்றிய ஊகம். பயிரை அழிப்பதோ மூன்று நாள் மழை. மொத்தம் குறையும் என்ற சொல்லை நம்பி வடிகாலை வெட்டாதிருப்பவன் ஏமாறுவான். பருவக் குறிப்பு, வாரக் குறிப்பு, அன்றன்றைய எச்சரிக்கை ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அவனை வந்தடைய வேண்டும்.

வந்தடையும் மொழி எது? டித்வாவின்போது எச்சரிக்கைகள் உரிய வேளையில் தமிழிற் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சட்டப் புத்தகத்தில் ஏறிய மொழி சூறாவளி எச்சரிக்கையில் ஏறாவிட்டால் அச்சட்டத்தால் யாருக்கு என்ன பயன்? வானம் மொழி பார்த்துப் பொழிவதில்லை. எச்சரிக்கை மட்டும் மொழி பார்த்து வரலாமா? முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் அருகருகே வாழும் கரை இது. இரு மொழியிலும் ஒரே நேரத்தில் அறிவிப்பது இங்கு உயிர் காக்கும் கடமை.

அரசினரிடம் நாம் கேட்பவை பெரும் பணம் வேண்டாதவை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் வாரக் குறிப்பு தமிழிலும் சிங்களத்திலும் கமநல சேவை நிலையங்களின் வாயிலில் ஒட்டப்படல் வேண்டும். "மழை பெய்யக்கூடும்" என்று நிறுத்தாமல், எத்தனை மில்லிமீற்றர், எந்த நாட்களில், எவ்வளவு உறுதி என்று சொல்லுதல் வேண்டும். விவசாயப் போதனாசிரியர் அதைப் பயிருக்குரிய அறிவுரையாக மாற்றித் தருதல் வேண்டும். பள்ளிவாசல், கோயில், தேவாலயம், விகாரை ஆகியவற்றின் ஒலிபெருக்கிகள் எச்சரிக்கை நாளில் ஒரே குரலிற் பேசட்டும்.

கமக்காரரிடம் நாம் வேண்டுவதும் உண்டு. பாத்தியை உயர்த்துங்கள், வடிகாலை ஐப்பசிக்கு முன்னரே வெட்டுங்கள், மழை முகத்திற் பசளை இடாதீர்கள். படித்தோரே, உங்களுக்கும் பங்குண்டு. ஆசிரியர்கள் பாடசாலைதோறும் ஒரு மழைமானியை வைத்து, மாணவரைக் கொண்டு நாள்தோறும் அளந்து எழுதி வைக்கலாம். பத்தாண்டுக் கணக்கு ஒன்று ஊரின் கையில் இருந்தால், கொழும்பிலிருந்து வரும் சொல்லை ஊரே உரைத்துப் பார்க்க முடியும்.

அடுத்த தாழமுக்கம் என்று எழும் என்பதை இன்று எவராலும் கூற இயலாது. அது எழும் நாளில் நுரைச்சோலைக் கமக்காரனுக்கு இரண்டு நாள் முன்னதாக, அவன் மொழியில், அவனுக்கு விளங்கும்படி செய்தி கிடைக்குமா என்பதை இன்றே தீர்மானிக்கலாம். தீர்மானிக்க வேண்டியவர்கள் இனியும் காலந் தாழ்த்தலாகாது.