பாடசாலை திறந்த செலவு யாருடைய கணக்கில்?

ஒரு கடையைப் பூட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும். பூட்டிய கடையைத் திறந்து, பிரிந்துபோன வாடிக்கையாளர்களைத் திரும்பவும் வரவழைப்பதற்கு மாதக்கணக்கு ஆகும். வியாபாரிகள் எல்லோரும் அனுபவத்தில் கண்ட இந்த விடயம், பாடசாலைகளைப் பூட்டித் திறந்தவர்களுக்கு விளங்கியிருந்ததா என்பதுதான் எனது கேள்வி.

கொரோனாத் தொற்றுக் காரணமாக 2020 மார்ச் 13ஆம் திகதி நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. அன்று தொடங்கி 2021 இறுதி வரை, திறப்பதும் மூடுவதுமாகவே காலம் போனது. பழைய கதையை இப்போது ஏன் கிளற வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது எமது பதுளை மாவட்டம் மண்சரிவுகளில் சிக்கிச் சீரழிந்ததையும், பாடசாலைகள் மறுபடியும் மூடப்பட்டதையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்போதும் அதே கேள்விகள்தாம் எழுந்தன. எந்தப் பாடசாலையை முதலில் திறப்பது? பிள்ளை எந்தப் பாதையால் வந்து சேரும்? அதற்கான செலவு யாருடையது? நோயாக இருந்தாலும் மழையாக இருந்தாலும் ஊவா மாகாணத்துக்கு இது கடைசித் தடவையாக இருக்கப்போவதில்லை.

கொழும்பிலும் கிழக்கிலும் இருந்து இப்பத்தியைப் படிப்பவர்களுக்காக எங்கள் பகுதியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பசறை, நமுனுகுல, மடுல்சீமை, லுணுகலை, ஹாலிஎல, தெமோதரை என்று எந்தத் திசையில் போனாலும் தேயிலை மலைகளும் அவற்றுக்கிடையே லயன் வீடுகளும்தான். பல தோட்டங்களில் ஒரு சிறு பாடசாலை இருக்கும். பெரும்பாலும் தரம் 5 வரை, சில இடங்களில் அதற்கு மேலும் வகுப்புகள் உண்டு. கம்பெனிகளின் பொறுப்பில் இருந்த இப்பாடசாலைகளை அரசாங்கம் 1970களிலிருந்து படிப்படியாகப் பொறுப்பேற்றது. சின்னப் பிள்ளைகள் லயத்திலிருந்து நடந்தே போய்விடுவார்கள். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் பசறைக்கோ, பண்டாரவளைக்கோ, பதுளை நகருக்கோ பஸ் ஏற வேண்டும். சிறிய வகுப்புக்கு நடை, பெரிய வகுப்புக்கு பஸ். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு அன்றைய திறப்பு ஒழுங்கைப் பாருங்கள்.

2020 ஜூலை 6ஆம் திகதி முதலில் அழைக்கப்பட்டவர்கள் தரம் 5, 11, 13 மாணவர்கள். அதாவது பரீட்சை வகுப்புகள். ஒரு வாரத்திலேயே, கந்தக்காடு முகாமில் தொற்றுப் பரவியதால் மீண்டும் மூடினார்கள். பரீட்சையை வைத்து வரிசை போட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளைப் பொறுத்தவரை 11ஆம், 13ஆம் தரங்களில் படிப்பவர்கள்தாம் அதிக தூரம் பயணிப்பவர்கள். நாலு ஊர்ச் சனங்களோடு நெருக்கியடித்துக்கொண்டு ஒரே பஸ்ஸில் வருபவர்கள். தொற்றுக்கு அஞ்சி வகுப்பறையில் ஒரு மீட்டர் இடைவெளி விட்டோம். அந்த வகுப்பறைக்கு வந்து சேருவதற்கான பஸ்ஸில் ஒரு சாண் இடைவெளியும் இருக்கவில்லை. ஆசனங்களின் எண்ணிக்கைக்கு மட்டுமே ஆள் ஏற்றலாம் என்று விதி வந்தது உண்மை. காலை ஆறரை மணிக்கு லுணுகலைப் பாதையில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாத பிள்ளையிடம் அந்த விதியைச் சொல்லிப் பாருங்கள். கொரோனாவை விடுங்கள், அந்தப் பாதையே ஆபத்தானது. 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் மைல்கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்து ஒரு டசினுக்கும் அதிகமானோர் மாண்டார்கள்.

தென் அமெரிக்காவில் உருகுவே என்ற சிறிய நாடு இருக்கிறது. எமக்கெல்லாம் அந்நாட்டின் உதைபந்தாட்டம்தான் தெரியும். அங்கு 2020 ஏப்ரல் 22ஆம் திகதியே பாடசாலைகளைத் திறக்கத் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் திறந்தது தலைநகரத்தின் பெரிய கல்லூரிகளை அல்ல, நாட்டுப்புறத்தில் சில பிள்ளைகள் மாத்திரமே படிக்கும் சின்னஞ்சிறு பாடசாலைகளை. அதே ஏப்ரலில் டென்மார்க் நாடு தனது சிறிய வகுப்புகளை முதலில் திறந்து, பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, முடிந்தவரை வெளியில் இருத்திப் பாடம் நடத்தியது. பணக்கார நாடு, செய்யலாம் என்று சொல்லிவிட முடியாது. மரநிழலில் பாய் விரிப்பதற்குப் பணம் தேவையில்லை.

எமது நாட்டில் 2021 ஏப்ரல் இறுதியில், சிறிது பெரிது என்ற பேதமின்றி எல்லாவற்றையும் பூட்டினார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகளுக்கு ஒரே பூட்டு. ஐயாயிரம் பிள்ளைகள் படிக்கும் கொழும்புக் கல்லூரிக்கும், எழுபது பிள்ளைகளும் நாலு ஆசிரியர்களும் உள்ள மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைக்கும் ஒரே சட்டம். ஆறு மாதங்களின் பின்னர், மாகாண ஆளுநர்கள் கூடி எடுத்த முடிவின்படி அக்டோபர் 21ஆம் திகதி, 200க்குக் குறைந்த மாணவர்களைக் கொண்ட பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் முதலில் திறக்கப்பட்டன. சரியான முடிவு, பிந்தி வந்த முடிவு. அதுவும் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர்கள் ஜூலை முதல் நடத்திய போராட்டம் முடியாத நிலையில் வந்தது. அவர்கள் 25ஆம் திகதிதான் பணிக்குத் திரும்பினார்கள். அன்றே மற்ற ஆரம்பப் பிரிவுகளும் திறந்துவிட்டதால், சிறிய பாடசாலைக்குக் கிடைத்த முன்னுரிமை நாலு நாளோடு முடிந்தது.

திறப்பதற்கு முன் கை கழுவ வசதி செய்யுங்கள் என்றார்கள். நல்ல யோசனைதான். பீலித் தண்ணீரை நம்பியிருக்கும் தோட்டத்தில், மழை இல்லாத மாதங்களில் லயத்துக்கே தண்ணீர் போதாது. எனக்குத் தெரிந்த ஓர் அதிபர் கடைக்கு வந்து இரண்டு பிளாஸ்டிக் பீப்பாய்களும் குழாய்களும் வாங்கினார். பில்லைப் பாடசாலையின் பெயரில் போடவா என்று கேட்டேன். "என் பெயரிலேயே போடுங்க முதலாளி, அந்தக் காசு வந்து சேர்றதுக்குள்ள அடுத்த நோய் வந்துடும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட விடயத்துக்கு வருகிறேன். பாடசாலை திறக்கப்போகிறது என்றவுடன் பஸார் வீதியில் எங்களுக்கெல்லாம் ஒரு மகிழ்ச்சி. மாதக்கணக்கில் தூசி பிடித்திருந்த சீருடைத் துணியும் வெள்ளைச் சப்பாத்தும் விற்கும் என்று எதிர்பார்த்தோம். சனம் வந்தது. விலை கேட்டது. பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். தோட்டத்தைச் சேர்ந்த ஒரு தாய் மூன்று பிள்ளைகளுடன் வந்திருந்தார். பழைய சப்பாத்து ஒருவருக்கும் காலில் ஏறவில்லை. வளரும் பிள்ளைகள், கொரோனாவுக்காகக் காத்திருக்குமா? நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்று 2021 மார்ச்சில் வர்த்தமானி வந்தபோதும், நிர்ணயித்த அளவு கொழுந்து பறிக்காதவருக்கு அரைநாள் சம்பளம் என்று பல இடங்களில் குறைத்தார்கள். மூன்று சோடி சப்பாத்துக்கு அவருடைய ஒரு வாரச் சம்பளம் போய்விடும். "மூத்தவனுக்கு மட்டும் தாங்க நானா, மற்ற ரெண்டு பேரும் அடுத்த சம்பளத்துக்குப் பிறகு போகட்டும்" என்றார். மற்ற இருவரையும் நான் கடனுக்கு அனுப்பினேன் என்று பெருமைக்குச் சொல்ல வரவில்லை. எங்கள் தெருவில் அநேகமாக எல்லாக் கடைகளிலும் அந்த மாதம் கடன் கொப்பி நிரம்பியது. பாடசாலை திறந்த பிறகும் சில பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று அதிகாரிகள் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது, காரணத்தில் ஒரு பங்கு எங்கள் கண்ணாடி அலுமாரிக்குள் அடுக்கியிருந்தது.

முகக்கவசம், சவர்க்காரம், வான் கட்டணம் எல்லாவற்றையும் இதோடு கூட்டுங்கள். பாதுகாப்பு என்ற சொல் சுற்றறிக்கையில் இலவசமாக இருந்தது. லயத்து வீட்டில் அதற்கு ஒரு விலை இருந்தது.

மூடியிருந்த காலத்தில் இணையவழிக் கல்வி நடந்ததே என்பார்கள். எங்கள் மாவட்டத்தில் அது எப்படி நடந்தது என்பதை உலகமே பார்த்தது. பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் அலைவரிசை தேடிக் காட்டு வழியே மலைப்பாறைக்கு ஏறியதையும், லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகள் மரத்தின் மேல் கட்டிய குடிலில் இருந்து வீட்டுப்பாடம் அனுப்பியதையும் 2021இல் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் படம் பிடித்து வெளியிட்டன. நாட்டிலுள்ள மாணவர்களில் அதிகபட்சம் நூற்றுக்கு 40 பேருக்குத்தான் அந்தக் கல்வி கிடைத்தது என்று இலங்கை ஆசிரியர் சங்கத்தின் ஜோசப் ஸ்டாலின் அப்போது கூறினார். தோட்டங்களைத் தனியே எடுத்தால் நிலைமை அதைவிட மோசம் என்பதை டேட்டா கார்ட் விற்ற எவரும் சொல்வார்கள். ஒரு வீட்டில் ஒரு போன், அதுவும் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும்.

இங்கே நமது வியாபார சமூகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சிலருக்குக் கசக்கும். பாடசாலை மூடியிருந்தபோது தோட்டத்துப் பையன்கள் பலர் கொழும்புக்கு வேலைக்குப் போனார்கள். புறக்கோட்டைப் புடைவைக் கடைகளிலும், சாப்பாட்டுக் கடைகளிலும், நமது ஆட்களின் கடைகளிலும்தான் சேர்ந்தார்கள். தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, கையில் காசு. அப்படிப் போனவன் பாடசாலை மணி அடித்தது என்று திரும்பி வருவானா? வேலைக்கு அமர்த்துவதற்கான குறைந்த வயது 14இலிருந்து 16ஆக 2021இல் சட்டப்படி உயர்த்தப்பட்டது. அதே வருடம் ஜூலையில், கொழும்பில் வீட்டுவேலைக்குச் சென்ற மலையகச் சிறுமி ஒருவர் தீக்காயங்களுடன் உயிரிழந்தபோது நாடே பேசியது. பேசியவர்களில் எத்தனை பேர் தமது கடையில் நிற்கும் பையனின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டுப் பார்த்தார்கள்? பையனுக்கு நாங்கள் உதவிதான் செய்கிறோம் என்ற பதிலை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். உதவி என்றால் அவனுடைய பாடசாலைச் செலவைக் கொடுத்துவிட்டு ஊருக்கு அனுப்புங்கள்.

2022இல் வந்தது வேறு சோதனை. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் மார்ச் மாதத் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. எரிபொருள் இல்லாமல் ஜூலையில் பாடசாலைகளை மூடி, 25ஆம் திகதி திறந்தபோது வாரத்துக்கு மூன்று நாள் என்றார்கள். அப்போதும் நடந்து போகும் பிள்ளைக்கும் வானில் போகும் பிள்ளைக்கும் ஒரே கட்டளைதான்.

எனவே, ஊவாவுக்கு முதலில் வேண்டியது வலய மட்டத்தில் முடிவெடுக்கும் அதிகாரம். எந்தப் பாடசாலைக்குப் பிள்ளைகள் நடந்து வருகிறார்கள், எதற்கு பஸ்ஸில் வருகிறார்கள், எங்கே தண்ணீர் உண்டு, எந்தக் கட்டடம் மண்சரிவு அபாயத்தில் நிற்கிறது என்ற பட்டியல் ஒவ்வொரு வலயக் கல்விப் பணிமனையிலும் முன்கூட்டியே இருக்க வேண்டும். அடுத்த முறை மூட நேர்ந்தால், நடந்துபோகும் பாடசாலைகளைக் கடைசியில் மூடி முதலில் திறக்கலாம். 'சிசு சரிய' பஸ்களைத் தோட்டப் பாதைகளுக்கு இரட்டிப்பாக்காமல் பெரிய வகுப்புகளை அழைப்பதில் பயனில்லை.

செலவைப் பொறுத்தவரை அரசாங்கம் மனது வைத்தால் முடியும் என்பதை அண்மைய வருடங்களில் கண்டோம். சீருடைத் துணி சீனாவின் அன்பளிப்பாக 2025இல் முழுமையாகவே வந்தது. சிறிய பாடசாலைகளின் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வவுச்சர் கொடுக்கிறார்கள். துணியில் எங்களுக்கு வியாபாரம் குறைந்தது என்று சில நண்பர்கள் குறைபட்டார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. துணி இலவசமாக வந்ததால் தாய்மார்கள் கையிலிருந்த காசுக்குக் கொப்பி வாங்கினார்கள். என்னிடம்தான் வாங்கினார்கள்.

ஆனால் வவுச்சர் வருடத்துக்கு ஒரு தடவை, அதற்கென்று உள்ள காலத்தில் வருவது. திடீரென்று மூடித் திறக்கும் மாதத்துக்கு அது உதவாது. அந்த மாதத்துக்காக ஒவ்வொரு நகரத்து வர்த்தகர் சங்கமும் ஒரு சிறு நிதியை ஒதுக்கி வைக்கலாம். அதிபர் ஒரு துண்டு எழுதிக்கொடுத்தால் பிள்ளைக்குச் சப்பாத்தும் கொப்பியும் வாங்கிய விலைக்கே, மூன்று மாதத் தவணையில். பள்ளிவாசல் நிர்வாகங்களும் சதகா நிதியிலிருந்து இதற்கு ஒரு பங்கு தரலாம், பிள்ளை எந்த இனம் என்று பார்க்காமல். அந்தத் தோட்டத்துச் சனங்களின் சம்பள நாளை நம்பித்தான் பசறையிலும் பதுளையிலும் மூன்று தலைமுறையாகக் கடை திறந்து வைத்திருக்கிறோம். எங்கள் தெருவில் ஆறு கடைக்காரர்கள் இதற்குச் சம்மதித்திருக்கிறார்கள். ஏழாமவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.