சோத்தைக் குறைக்கச் சொல்கிறவர்களுக்கு

சர்க்கரை பணக்கார வியாதி என்று இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கருவேப்பிலங்குறிச்சி காலனிக்கு வந்து பாருங்கள். கரும்பு வெட்டிக் காய்ப்பேறிய கையும், விருத்தாசலம் பீங்கான் சூளையில் வெந்த உடம்புமாகத் திண்ணையில் குந்தியிருக்கிற பொம்பளைகளைக் கேளுங்கள். ஒருத்தி முந்தானையில் பிரஷர் மாத்திரை முடிந்திருக்கும். இன்னொருத்தியிடம் சர்க்கரை மாத்திரை. ரெண்டும் வைத்திருப்பவர்களும் உண்டு.

என் தங்கச்சி வயித்திலிருந்தபோதே எங்கம்மாவுக்குக் கால் வீங்கி ரத்த அழுத்தம் ஏறியது. பிள்ளை பிறந்ததும் 'சரியாப் போச்சி' என்று அனுப்பிவிட்டார்கள். கர்ப்பத்தில் அழுத்தமோ சர்க்கரையோ ஏறியவளுக்குப் பிற்காலத்திலும் அது வரும் ஆபத்து அதிகம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. பல வருசம் கழித்து பிரஷருக்கு மாத்திரை கொடுத்தார்கள், சர்க்கரை பார்க்கவில்லை. காலில் புண் ஆறாமல் நாறிய பிறகுதான் பார்த்தார்கள். 'சோத்தைக் கொறம்மா, தெனம் நட' என்றார் டாக்டர். வெளியே வந்து அம்மா கேட்டது: 'கரும்புக் கொல்லைக்கு நான் என்னா பறந்தா போறன்?'

ரெண்டும் கூட்டாளி நோய்கள். இன்சுலினுக்கு உடம்பு கட்டுப்படாதபோது அது கூடுதலாகச் சுரக்கிறது. அந்த மிகுதி, சிறுநீரகத்தை உப்பைப் பிடித்துவைக்கச் செய்கிறது. உப்போடு நீரும் தங்கி அழுத்தம் ஏறுகிறது. தேங்கிய சர்க்கரை ரத்தக் குழாய்களை விறைக்க வைக்கிறது, சிறுநீரகச் சல்லடையைக் கெடுக்கிறது. கெட்ட சிறுநீரகம் அழுத்தத்தை இன்னும் ஏற்றுகிறது. மாதவிடாய் நிற்கும்வரை பெண்ணின் இதயத்துக்குள்ள பாதுகாப்பையும் சர்க்கரை பறித்துவிடுகிறது.

இதெல்லாம் நாக்கு ருசியில் மட்டுமா தொடங்குகிறது? 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் ராணுவம் உணவை மறித்ததால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. அப்போது கருவில் இருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தபோது, பலருடைய உடம்பு சர்க்கரையைக் கையாளத் திணறியது. சில மாதப் பட்டினிக்கே இந்த விலை என்றால், தலைமுறை தலைமுறையாகக் கூழும் மிச்சச் சோறும் குடித்த சேரிக்கு என்ன விலை? எங்கம்மாவின் ரத்தத்தில் ஓடுவது அவள் தின்ற இனிப்பு அல்ல. அவள் ஆத்தா தின்னாத சோறும் அதில் ஓடுகிறது.

ரேஷன் அரிசி பசியை அடக்கியது. அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் பருப்பும் காயும் கூலிக்கு எட்டாத வீட்டில் அந்தச் சோத்துக்குத் துணை ஊறுகாயும் கருவாடும்தான். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எந்தக் காசில் குறைப்பது? சர்க்கரை வந்தவளுக்கு அடிக்கடி ஒன்னுக்கு வரும். ஒதுங்க இடமில்லாத கொல்லையில் அவள் தண்ணியைத்தான் குறைக்கிறாள்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வாசலுக்குக் கொண்டுவந்தது. வரவேற்கிறோம். அது போதாது. பிரஷர் பார்க்கிற இடத்தில் சர்க்கரையும் பார். வெறும் வயித்தோடு காத்திருந்தால் ஒருநாள் கூலி போகும். மூணு மாசச் சராசரி காட்டும் சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை, அதைச் சாயங்காலம் காலனியிலேயே செய். சர்க்கரை உள்ளவளுக்கு வருசம் ஒருமுறை சிறுநீரில் புரதம் பார். பிள்ளைப்பேற்றில் அழுத்தம் ஏறியவளைப் பேறு முடிந்ததும் கைகழுவாதே. ரேஷனில் பருப்பையும் கேழ்வரகையும் கூட்டு.

அதுக்கப்புறம் சொல்லுங்கள், சோத்தைக் குறைக்க.