பத்திரிகைக் கல்வியும் உபகாரச் சம்பளமும்

2025-ஆம் ஆண்டில் தமிழக சர்க்கார் சென்னையில் இதழியல் நிறுவனம் ஒன்றை ஏற்படுத்திப் பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் படிப்பைத் தொடங்கியது. அது வரவேற்கத் தக்க காரியமே. பத்திரிகைத் தொழிலை முறையாகக் கற்பிக்க வேண்டும் என்ற யோசனை தமிழகத்துக்குப் புதியதன்று. தேசம் விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தில் அக்கல்வி தொடங்கிவிட்டது. இப்போது மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் வேறு பல கலாசாலைகளிலும் அது போதிக்கப்படுகிறது. ஆகவே கல்விச்சாலைகள் போதா என்பது இன்று நமது முறையீடு அன்று. அவற்றின் வாசற்படியை மிதிக்கக் கூடியவர் யார், மிதிக்க இயலாதவர் யார் என்பதே நாம் கேட்கும் கேள்வி. இதற்கு விடை காண வேண்டுமானால் சென்னையைப் பார்த்துப் பயனில்லை. பந்தல்குடியைப் பார்க்க வேண்டும்.

பந்தல்குடி, விருதுநகர் ஜில்லாவில் அருப்புக்கோட்டைக்குத் தெற்கே உள்ள ஊர். கிழக்கே திருச்சுழி. வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம், நிறையாவிட்டால் கடன். கம்பு, சோளம், உளுந்து, பருத்தி, மல்லி, மிளகாய் ஆகியவற்றை நம்பி வாழும் ஜனங்கள். 1985-இல் ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து பிரிக்கப்பட்ட பகுதி இது. பிரிந்த பின்னும் பழைய வறட்சி இரண்டு ஜில்லாக்களையும் விட்டபாடில்லை. 2018-இல் மத்திய சர்க்கார் முன்னேற்றம் வேண்டுகிற ஜில்லாக்களைத் தேர்ந்தெடுத்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் ஏறியவை விருதுநகரும் ராமநாதபுரமும்தான். மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நான்கு வழிச் சாலை பந்தல்குடியைத் தொட்டுச் செல்கிறது. வாகனங்கள் நிற்பதில்லை, பெரும்பாலும் செய்தியும் நிற்பதில்லை.

இதே சாலையில் இன்னும் தெற்கே போனால் எட்டயபுரம். தமிழ்ப் பத்திரிகை உலகத்துக்கே தலைமகனாகிய பாரதியார் பிறந்த ஊர். 1897-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், பதினான்கு வயதுச் சிறுவனாக இருந்தபோது, அவர் தமது கல்விக்குப் பொருளுதவி வேண்டி எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் செய்யுளிலேயே ஒரு விண்ணப்பம் எழுதினார் என்பது வாசகர்களில் பலர் அறிந்த விஷயம். பின்னர் 1904-இல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதம் ஆசிரியராக இருந்து, அங்கிருந்து ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரனில் உபாசிரியராகச் சேர்ந்தார். அதற்குப் பிந்திய சரித்திரத்தை நாம் சொல்ல வேண்டுவதில்லை. தமிழ்நாட்டின் மகத்தான பத்திராதிபரின் வாழ்க்கையில் ஆரம்பத்திலேயே கிடைக்கும் ஏடு, படிப்புக்குப் பணம் கேட்டு எழுதிய ஒரு விண்ணப்பம் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். அன்று ஒரு மேதையின் கல்வி ஒரு ஜமீன்தாரின் மனத்தை நோக்கிக் காத்திருக்க நேர்ந்தது. குடியரசு ஏற்பட்டு எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இத்துறையில் கல்வி யாருடைய தயவையேனும் நோக்கி நிற்குமானால், அது நமக்குப் பெருமை தருவதாகாது.

இன்றைய நிலை என்ன? பந்தல்குடியைச் சேர்ந்த ஒரு மானாவாரி விவசாயியின் மகள் சர்க்கார் பள்ளியில் தமிழில் படித்து, அருப்புக்கோட்டைக் கலாசாலை ஒன்றில் பட்டம் பெறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பட்டப் படிப்பு வரை அவளுக்கு உதவி உண்டு. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அவளுடைய தம்பிக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை கிடைக்கும். இவை நல்ல திட்டங்கள். கிராமாந்தரங்களில் கலாசாலை வாசலைத் திறந்தவை. ஆனால் பத்திரிகைக் கல்வி பெரும்பாலும் பட்டத்துக்கு மேற்பட்ட படிப்பு. அவள் அந்தப் படியில் கால் வைக்கும் தருணத்தில் கைப்பிடி முடிந்து விடுகிறது. மதுரையிலோ சென்னையிலோ தங்க வேண்டும். விடுதிக்கும் உணவுக்கும் பணம் வேண்டும். எழுதக் கணினி வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, படிப்பின் ஊடேயும் முடிவிலும் ஏதேனும் ஒரு பத்திரிகையில் சம்பளமில்லாமலோ சொற்பச் சம்பளத்துக்கோ சில மாதங்கள் பழக வேண்டும். அந்த மாதங்களில் சோறு போடக் கூடிய குடும்பம் எதுவோ, அதுவே தன் பிள்ளையைப் பத்திரிகைக்காரனாக்க முடியும். திறமையைச் சலிக்கும் சல்லடை அன்று இது. பணப்பையைச் சலிக்கும் சல்லடை.

உதவிகள் அறவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2000-இல் சென்னைக்கு வந்த ஆசிய இதழியல் கல்லூரியில் கட்டணம் லட்சக்கணக்கில் ஆனாலும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர் சிலருக்கு முழு உபகாரச் சம்பளம் தரப்படுகிறது. அது பாராட்டத் தக்கது. ஆனால் அங்கே போதனை ஆங்கிலத்தில். விகடன் நிறுவனம் கலாசாலை மாணவர்களைப் பொறுக்கியெடுத்துப் பழக்கிய மாணவப் பத்திரிகையாளர் திட்டமும் சிற்றூர்ப் பிள்ளைகள் பலரை இத்தொழிலுக்குக் கொண்டு வந்திருக்கிறது. மத்திய சர்க்காரின் பொறுப்பில் 1965-இல் டில்லியில் தோன்றிய இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனத்தை நோக்கினாலோ வருத்தமே மிஞ்சுகிறது. அது ஹிந்தி, உருது, ஒடியா, மராத்தி, மலையாளம் ஆகிய மொழிகளில் பத்திரிகைக் கல்வி தருகிறது. கேரளத்தில் கோட்டயத்திலும் அதற்குக் கிளை உண்டு. தமிழுக்கு இடமில்லை, தமிழ்நாட்டில் கிளையுமில்லை. 1882-இலேயே சுதேசமித்திரனைக் கண்ட பாஷைக்கு நேர்ந்த கதி இது. இதைக் கேட்டுப் பெற வேண்டியவர்கள் நம் பார்லிமெண்டுப் பிரதிநிதிகள்.

ஒருவருக்குப் பத்திரிகைக் கல்வி கிடைக்காததால் தேசத்துக்கு என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கலாம். நஷ்டம் அந்தப் பெண்ணுக்கு மட்டும் அன்று, பந்தல்குடிக்கு. இதற்கு ஒரு திருஷ்டாந்தம் பக்கத்திலேயே இருக்கிறது. 1993-இல் பி. சாய்நாத் என்ற பத்திரிகையாளர் டைம்ஸ் ஆப் இந்தியா அளித்த ஆய்வு உதவித்தொகையைப் பெற்று, தேசத்தின் மிக ஏழை ஜில்லாக்களில் சுற்றித் திரிந்தார். ராமநாதபுரமும் அவற்றில் ஒன்று. மிளகாய் விளைவித்தவனின் உழைப்பு தரகனுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது, பனையேறி ஒரு நாளில் எவ்வளவு உயரம் ஏறி இறங்குகிறான் என்பவற்றை அவர் எழுதிய பிறகே இந்தச் சீமையின் துன்பம் தேசமெங்கும் பேசப்பட்டது. 1996-இல் அவை புத்தகமாகவும் வந்தன. ஓர் உதவித்தொகை ஒரு நிருபருக்குத் தந்தது பணம் மட்டும் அன்று. ஒரே கிராமத்தில் பல நாள் தங்கி உண்மையை அறிவதற்கு வேண்டிய அவகாசத்தையும் தந்தது. ஆனால் அவர் வெளியிலிருந்து வந்தவர். வேலை முடிந்ததும் சென்றார். மிளகாய் ஆண்டுதோறும் விளைகிறது. தரகும் ஆண்டுதோறும் நடக்கிறது. அங்கேயே பிறந்து அங்கேயே இருந்து எழுதுகிறவர் வேண்டாமா?

அப்படி இருப்பவர்களின் நிலையோ பரிதாபமானது. தாலுகா நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளம் என்பதே கிடையாது. அனுப்பும் செய்திக்குச் சில்லறை, பிடித்துத் தரும் விளம்பரத்துக்குக் கமிஷன் என்பதே ஜீவனம். விளம்பரம் தரும் ஒப்பந்தக்காரரைப் பற்றியும், தொழிற்சாலை முதலாளியைப் பற்றியும், கட்சிப் பிரமுகரைப் பற்றியும் அவர் எவ்வாறு துணிந்து எழுதுவார்? பட்டாசு ஆலையில் விபத்து நேர்ந்தால் மாண்டவர் தொகை வருகிறது. உரிமம் யாரிடம் இருந்தது, எத்தனை பேர் வேலை செய்ய அனுமதி, உண்மையில் எத்தனை பேர் இருந்தனர் என்ற விவரம் வருவது அருமை. 2016-இல் புது உருவில் வந்த பயிர்க் காப்பீட்டில் அறுவடைச் சோதனை எப்படி நடக்கிறது, ஓர் ஊருக்கு இழப்பீடு வந்து அடுத்த ஊருக்கு வராமற்போனது ஏன் என்பதை விசாரித்து எழுதப் பயிற்சி வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையாளத் தெரிந்த ஒருவர் தாலுகாவுக்கு இருந்தால், கண்மாய் மராமத்துக் கணக்கு இவ்வளவு எளிதில் மறைந்துபோகாது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். ‘பாரதியாரும் கல்கியும் எந்தப் பத்திரிகைக் கலாசாலையில் படித்தார்கள்? எழுத்து பிறவிக் குணமன்றோ?’ என்பார்கள். உண்மைதான். கல்கி 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பள்ளியைத் துறந்தவர், சிறையும் சென்றவர். அக்காலத்தில் தேசிய இயக்கமே சர்வகலாசாலையாக இருந்தது. அச்சுக்கூடத்தில் புழுங்கியவனையும் சிறையில் வாடியவனையும் அது தன் மடியில் வைத்து வளர்த்தது. இன்று அந்தக் கலாசாலை மூடிக்கிடக்கிறது. பத்திரிகை நிலையங்களோ பட்டத்தையும் ஆங்கிலப் பயிற்சியையும் கணினித் தேர்ச்சியையும் கேட்கின்றன. வாசலில் சீட்டுக் கேட்கும் காலத்தில், சீட்டு வாங்கக் காசில்லாதவனைப் பார்த்து ‘முன்னோர்கள் சீட்டில்லாமல் வந்தார்களே’ என்று சொல்வது நியாயமாகுமா?

ஆகவே நாம் கூறும் யோசனை இது. தமிழ்நாட்டில் 38 ஜில்லாக்கள் இருக்கின்றன. ஜில்லா ஒன்றுக்கு ஆண்டுதோறும் இரண்டு மாணவர்கள், அவர்களில் ஒருவர் பெண், தமிழ்வழியில் பள்ளிக் கல்வி முடித்தவர்களாகத் தேர்ந்தெடுக்கப்படட்டும். மாதம் 10,000 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுக்கப்படட்டும். இரண்டாண்டுப் படிப்பில் இரு வகுப்புகளையும் சேர்த்து 152 பேர். ஆண்டுச் செலவு 1 கோடியே 82 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். ஒரு ராஜ்யத்துக்கு இது ஒரு தொகையா? பெற்றவர்களுக்கு ஒரே நிபந்தனை போதும்: படிப்பு முடிந்தபின் ஓராண்டேனும் தம் ஜில்லாவைப் பற்றித் தமிழில் எழுத வேண்டும். எந்தப் பத்திரிகையில் என்பது அவர்கள் இஷ்டம். அந்த ஓராண்டுக்கும் பாதித் தொகையேனும் தொடர்வது நலம். அப்போதுதான் விளம்பரக் கமிஷனுக்குக் கையேந்தாமல் எழுத முடியும்.

பணம் தருபவன் பேனாவையும் பிடித்துக்கொள்வான் என்ற அச்சம் நமக்கும் உண்டு. அதை அற்பமாக எண்ணுவதற்கில்லை. 1908-இல் அடக்குமுறைக்குத் தப்பப் புதுச்சேரிக்குக் குடியேறிய ‘இந்தியா’ பத்திரிகையின் பரம்பரை நம்முடையது. சர்க்கார் தரும் பணத்தில் படித்தவர் சர்க்காரைக் கண்டித்து எழுதத் தயங்குவாராயின், அந்தப் பணம் விஷமாகும். ஆகையால் தொகை நேரே மந்திரிகளின் கையிலிருந்து வரலாகாது. சர்க்கார் ஒரு பங்கும், பத்திரிகை முதலாளிகள் ஒரு பங்கும், பொதுஜனங்கள் ஒரு பங்கும் இட்டு ஒரு மூலதனம் திரட்டிச் சர்வகலாசாலையிடம் ஒப்படைக்க வேண்டும். தேர்வு எழுத்துப் பரீட்சையால் நடக்க வேண்டும். சிபாரிசுக் கடிதம் கொண்டுவருபவரை அன்றே விலக்க வேண்டும். ஒரு முறை அளித்த உபகாரச் சம்பளத்தை, மாணவர் எழுதியதைக் காரணம் காட்டி நிறுத்தக் கூடாது என்பது எழுதப்பட்ட விதியாக இருக்க வேண்டும்.

பத்திரிகை முதலாளிகளுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. அமெரிக்காவில் ஜோசப் புலிட்ஸர் தாம் பத்திரிகையால் ஈட்டிய செல்வத்தில் ஒரு பகுதியைக் கொலம்பியா சர்வகலாசாலைக்கு எழுதிவைத்தார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1912-இல், அங்கே பத்திரிகைக் கல்விச்சாலை திறந்தது. பரிசுகளோடு மாணவர்களுக்குப் பயண உதவித்தொகையையும் அந்த உயில் ஏற்படுத்தியது. ஹார்வர்டில் 1938 முதல் நீமன் குடும்பத்தின் கொடையால், தொழிலிலுள்ள பத்திரிகையாளர்கள் ஓராண்டு படித்துத் திரும்புகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கேரளத்தில் 1979-இல் ஏற்பட்ட பத்திரிகை அகாடமி, இன்று ஊடக அகாடமி என்ற பெயரில் கல்வியும் தருகிறது. பத்திரிகையாளர்களின் ஆராய்ச்சிக்கு உதவித்தொகையும் தருகிறது. தமிழ் வாசகனின் காசில் வளர்ந்த நிலையங்கள், அந்த வாசகனின் பிள்ளைக்கு ஒரு பங்கு திருப்பித் தருவதைத் தருமம் என்று சொல்லமாட்டோம். கடன் என்றே சொல்வோம்.

கரிசல் சீமையின் துயரத்தைச் சென்னையிலிருந்து வந்து ஒரு நாள் பார்த்துச் செல்பவரின் எழுத்துக்கும், கண்மாய் வற்றும்போது தானும் வற்றியவரின் எழுத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஜனங்கள் அறிவார்கள். பந்தல்குடிப் பெண்ணுக்கு நாம் கேட்பது தயை அன்று. எட்டயபுரத்துச் சிறுவனைப் போல் அவளும் யாருக்கோ விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கும்படி விடாமல், பரீட்சையில் தேறினால் உரிமையாகக் கிடைக்கும் ஓர் ஏற்பாட்டையே கேட்கிறோம். வரும் வரவு செலவுத் திட்டத்தில் சர்க்கார் இதற்கு இடம் வைக்குமா? பத்திரிகை முதலாளிகள் தம் பங்கை முன்வந்து அறிவிப்பார்களா? இரு தரப்பாரும் தாமதமின்றி யோசித்து முடிவு செய்வார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.