கோழி கொடுத்தால் போதுமா?



ஊரில் கஷ்டப்படும் குடும்பங்களுக்கு உதவுவது பற்றிப் பேச்சு எழும்போது, "கோழி வாங்கிக் கொடுப்போம்" என்று நம்மில் யாராவது சொல்வதுண்டு. நல்ல யோசனைதான். முதல் சிறியது, வீட்டு முற்றமே போதும், முட்டை பிள்ளைகளுக்கு, மிஞ்சியது சந்தைக்கு. கணவரை இழந்து வன்னியில் தனியே பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய்க்கு அந்தக் காசு பெரிய காசு. ஆனால் வளர்ப்பைப் பற்றி யோசிக்காமல் கோழியை மட்டும் கொடுத்தால், சில மாதங்களில் வெறுங்கூடுதான் மிஞ்சும். ஆகவே இந்த மாதம் ஊர்க்கோழியைப் பற்றிக் கொஞ்சம் அறிந்துகொள்வோம்.

முற்றத்தில் மேய்ந்து திரியும் ஊர்க்கோழி ஆண்டுக்கு 40 முதல் 80 முட்டை வரை இடும். விட்பியில் நாம் கடையில் வாங்கும் முட்டையை இட்ட கோழியோ ஏறக்குறைய 300 இடும். முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்ட இனம் அது. ஆனால் இனம் மட்டுமே காரணமல்ல.

வெளிச்சத்தைப் பாருங்கள். நன்றாக முட்டையிடக் கோழிக்கு நாளுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். இங்கே டிசம்பரில் பகல் 9 மணி நேரம்தான். அதனால் பண்ணைகளில் விளக்குப் போடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். ஆகவே அங்கே பெரிய குறை வெளிச்சமல்ல, தீனும் பாதுகாப்பும்தான்.

ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் தேவை. புழு, கறையான், குறுணல், மிஞ்சிய சோறு ஆகியவற்றில் அது போதிய அளவு கிடைக்காது. சிப்பித்தூள் கொஞ்சம் வைத்தால் ஓடு உறுதியாகும். வெயில் காலத்தில் சுத்தமான தண்ணீர் இல்லாவிட்டால் முட்டை உடனே குறையும்.

அடுத்தது அடை. பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் ஊர்க்கோழி அடைக்குக் கிடக்கும். குஞ்சு பொரிக்க 21 நாள், பிறகு இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளோடு திரியும். அந்த நாட்களில் முட்டை இல்லை. அதைக் குறை சொல்ல முடியாது. முதல் வாரத்தில் குஞ்சுக்கு ஏறக்குறைய 35 பாகை வெப்பம் வேண்டும். தானாக அதைக் காக்க அதற்குப் பலம் இல்லை. மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன தாய்க்கோழியின் செட்டை, குஞ்சுக்கு உண்மையாகவே உயிர்.

அப்படியிருந்தும் கிராமங்களில் பொரிக்கும் குஞ்சுகளில் பாதிக்கு மேல் வளராமலே போவதுண்டு. பருந்து, கீரி, மழை, பட்டினி எல்லாம் காரணம். முதல் வாரங்களில் கரப்பால் மூடி, குஞ்சுக்குத் தனியாகத் தீன் வைத்தாலே பல குஞ்சுகள் தப்பும், வேகமாகவும் வளரும்.

எல்லாவற்றிலும் கொடியது வெள்ளைக் கழிச்சல். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் கண்டறியப்பட்டதால் நியூகாசில் நோய் என்றும், இந்தியாவில் ராணிக்கெட் என்றும் பெயர். சில நாட்களில் ஒரு கூட்டையே வெறுமையாக்கிவிடும். மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. கிராமக் கோழிகளுக்கென்றே அவுஸ்திரேலியாவில் உருவாக்கிய ஐ-2 தடுப்புமருந்தைக் கண்ணில் ஒரு சொட்டு விட்டால் போதும். அது சூட்டையும் ஓரளவு தாங்கும். ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்க வேண்டும்.

ஆகவே காசு அனுப்புமுன் நான்கு கேள்விகள் கேட்போம். இரவில் அடைக்கக் கூடு இருக்கிறதா? தடுப்புமருந்தை யார், எப்போது கொடுப்பார்? கோடையில் தீனுக்கு என்ன வழி? ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்க யார் இருக்கிறார்?

பத்துக் கோழிக்குச் சேர்த்த காசில் ஐந்து கோழியும், ஒரு நல்ல கூடும், தடுப்புமருந்தும் கொடுத்தால் படத்தில் பார்க்கக் கொஞ்சம் குறைவாகத்தான் தெரியும். ஆனால் அடுத்த ஆண்டும் அந்த முற்றத்தில் குஞ்சுகள் ஓடித் திரியும். அடுத்த வாலிபர் கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுங்கள். ஊரில் கோழி வளர்த்த அம்மம்மாமாரையும் கூட்டி வாருங்கள். நமக்குத் தெரியாத பல விஷயங்கள் அவர்களுக்குத் தெரியும்.