நாலு பேர் டென்ட்டில் நாலு பேர் படுக்க முடியுமா?

திருப்பூரில் தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் துணி, பட்டாசு, வீட்டுக்கு ஒரு மிக்ஸி என்று பட்டியல் நீளும். சில வீடுகளில் இப்போது பிள்ளைகள் அதில் ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள்: டென்ட். எல்லாம் யூடியூப் பார்த்து வந்த ஆசைதான். போனைத் திறந்தால் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ரூபாய்க்கே ‘நாலு பேர் ஃபேமிலி டென்ட், வாட்டர்ப்ரூஃப்’ என்று வந்து நிற்கிறது.

வாங்கலாம். ஆனால், அந்த ‘நாலு பேர்’ கணக்கை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். இந்த விலையில் வரும் டென்ட் பெரும்பாலும் 200 செ.மீ. நீளம், 200 செ.மீ. அகலம். நாலால் வகுத்தால் ஆளுக்கு 50 செ.மீ. ஒருக்களித்துப் படுத்தால்தான் இடம். பையையும் செருப்பையும் எங்கே வைப்பது? அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் ஆறு பேர் டென்ட்தான் சரி.

அடுத்தது துணி. பனியன் கம்பெனிக்காரர்கள் எந்தத் துணியைத் தொட்டாலும் முதலில் கேட்பது ‘எத்தனை ஜி.எஸ்.எம்.?’ என்றுதான். டென்ட்டுக்கு அந்தக் கேள்வி போதாது. நம் பின்னல் துணி கண்ணி கண்ணியாக இருக்கும். காற்றும் புகும், தண்ணீரும் புகும். டென்ட் துணி பல்லடம், சோமனூர் தறித்துணி மாதிரி பாவும் ஊடுமாக நெய்தது. நூல் பாலியஸ்டர், அதன் மேல் பாலியூரித்தேன் பூச்சு. அந்தப் பூச்சுதான் மழையைத் தடுக்கிறது. அதை மில்லிமீட்டரில் சொல்வார்கள். துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தி நீரை ஊற்றிக்கொண்டே போனால், எத்தனை மி.மீ. உயரம் வரை ஒழுகாமல் தாங்குகிறது என்பதே அந்த எண். மேல்துணிக்கு 1,500க்குக் குறையாமல், மலை மழைக்கு 2,000க்கு மேல் இருக்கட்டும். தரைக்கு 3,000 வேண்டும்; முழங்கால் ஊன்றும்போது ஈரம் மேலே வருவது அங்கேதான். எண்ணே போடாமல் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த டென்ட்டைப் பனிக்கும் வெயிலுக்கும் மட்டும் நம்பலாம்.

மலிவு டென்ட் துணியைவிடத் தையலில்தான் அதிகம் ஒழுகும். ஊசி இறங்கிய இடமெல்லாம் ஓட்டை அல்லவா? நல்ல டென்ட்டில் அந்தத் தையல் மேல் உட்பக்கமாக ஒளி ஊடுருவும் டேப் ஒட்டியிருப்பார்கள். செக்கிங் டேபிளில் பீஸைத் திருப்பிப் பார்த்துப் பழகிய கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்டி வந்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்பி, ஜிப் ஓரம், மூலை, தரை சேரும் இடம் எல்லாவற்றையும் பாருங்கள். டேப் இல்லை என்றால் தையலில் பூசும் சீலர் பசை கிடைக்கிறது. ‘நாமதான் டெய்லராச்சே’ என்று மிஷினில் இன்னொரு ஓட்டு ஓட்டிவிடாதீர்கள், ஓட்டைதான் இரட்டிப்பாகும்.

ஒற்றை அடுக்கு டென்ட்டில் விடியும்போது உள்ளே சொட்டுச் சொட்டாக நீர் நிற்கும். அது மழை இல்லை, நாலு பேர் விட்ட மூச்சு. மேலே தனி விரிப்பும் உள்ளே வலை வைத்த அறையுமாக இரண்டடுக்கில் வாங்கினால் இந்தத் தொல்லை குறையும். காசு கூடும்தான். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் அந்தக் காசைப் பார்க்கக் கூடாது.

பொருளைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் மொட்டை மாடியில் ஒருமுறை விரித்துப் பாருங்கள். பத்து நிமிஷம் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்து, பிறகு உள்ளே போய்த் தையலைத் தடவுங்கள். ஆடி மாதமென்றால் நாலு மூலையிலும் தண்ணீர்க் கேன் வைக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலைக் காற்றாலைகளையே சுழற்றுகிறது. இரண்டு கிலோ டென்ட் எம்மாத்திரம்?

எங்கே விரிப்பது என்பதுதான் பெரிய கேள்வி. வால்பாறை, அமராவதி, திருமூர்த்தி மலைப் பக்கமெல்லாம் ஆனைமலை புலிகள் காப்பகத்தை ஒட்டியவை. காட்டுக்குள் அனுமதியின்றித் தங்குவது குற்றம்; அபராதத்தைவிட உயிர் பெரிது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடி அருகே ஒரு ரிசார்ட்டில் டென்ட்டில் தங்கியிருந்த பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். பணம் கட்டித் தங்கும் இடமானாலும் வேலி உண்டா, இரவில் காவல் உண்டா, கழிப்பறை எத்தனை தூரம், உரிமம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே முன்பதிவு செய்யுங்கள். முதல் முறைக்குச் சொந்தக்காரர் தென்னந்தோப்பு போதும். காய் விழும் மரத்தடியை விட்டுத் தள்ளிப் போடுங்கள்.

குளிர்கிறது என்று கரி அடுப்பையோ கேஸ் ஸ்டவ்வையோ டென்ட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர்களுக்குத் தெரியாது.

திரும்பி வந்ததும் ஈரத்தோடு மடித்துப் பரண் மேல் போட்டால் பூஞ்சை பிடிக்கும், பூச்சு பிசுபிசுத்து உரியும். ஒருநாள் நிழலில் கொடியில் போட்டுக் காயவிட்டு மடியுங்கள்.