கடைசி வரியில் எழுதிய இடம்

சொறிக்கல்முனை வயல்வெளியிலிருந்து கல்முனைக் கடற்கரை வரை நாங்கள் கட்டாத கட்டடமில்லை. மினாராக்களை உயர்த்தினோம், கோபுரங்களுக்கு வர்ணம் பூசினோம், தேவாலய முகப்புகளைப் புதுப்பித்தோம். பத்துப் பேர் கூடிக் குளிக்கும், கைகால் கழுவும் இடத்தை மட்டும் மதிப்பீட்டின் கடைசி வரியில் எழுதினோம். காசு முட்டுப்பட்டபோது முதலில் வெட்டியதும் அந்த வரியைத்தான்.

பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் வுழூ, அதாவது முகம் கைகால் கழுவுதல், செய்யும் தொட்டியான ஹவுழையே பார்ப்போம். ஷாபிஈ மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்டநெறியின்படி இரண்டு குல்லத், அதாவது ஏறத்தாழ 200 லீற்றர் தண்ணீர் தேங்கியிருந்தால், அதில் அசுத்தம் விழுந்தாலும் நிறமோ சுவையோ மணமோ மாறாதவரை அது சுத்தமானதே. கண்ணையும் நாக்கையும் மூக்கையும் நம்பிய சட்டம் அது. தொட்டி பெரிதாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வெயிலில் வந்தவர் கூரை நிழலில், குளிர்ந்த கட்டில் குந்தி வுழூச் செய்வார். மூச்சு ஆறும், பக்கத்திலிருப்பவருக்கு ஸலாம் சொல்வார். நாங்கள் ஹவுழை மூடிக் குழாய் வரிசை வைத்தோம். சுகாதாரத்துக்கு அது நல்லதே. ஆனால் பல இடங்களில் உட்காரும் கட்டையும் சேர்த்து இடித்துவிட்டோம். முழங்கால் வலியோடு வரும் வாப்பாமார் இன்று வழுக்கும் டைல்ஸில் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள்.

கிணற்றடியையும் இப்படித்தான் கைவிட்டோம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையோரக் கிணறுகளை உப்பாக்கியது. அவசரப்பட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் அடியிலிருந்த உப்புநீரும் மேலே ஏறியது. பிறகு குழாய்த் தண்ணீர் வந்தது. கிணற்றோடு மரநிழலும், வாளிச் சத்தமும், அயலவர் பேச்சும் போயின. அவற்றுக்கு ஈடாக எதையும் நாங்கள் யோசிக்கவில்லை. பெண்களுக்குச் செய்த குறை இதைவிடப் பெரிது. மறைப்பு எவ்வளவு உயரம் வேண்டும், உடுப்பு மாற்ற எங்கே இடம் வேண்டும் என்று அவர்களைக் கேளாமலே ஆண்கள் வரைபடம் போட்டோம்.

வழிகாட்ட முன்மாதிரி இல்லை என்று சொல்லவும் முடியாது. அநுராதபுரத்தின் பழைய இரட்டைக் குளமான குட்டம் பொக்குணவில் தண்ணீர் முதலில் சிறு தொட்டியில் மண்டியை இறக்கிவிட்டுத்தான் குளத்துக்குள் விழுந்தது. படிகள் நீர்மட்டம் வரை காலை இறக்கிவிடுகின்றன. மிகிந்தலையின் பழைய மருத்துவமனையில் நோயாளியைக் கிடத்தி மருந்துநீரில் ஊறவைக்கக் கல்லில் குடைந்த தொட்டி இன்றும் இருக்கிறது. எங்கள் அம்பாறை மாவட்டத்திலேயே மகாஓயாவில் வெவ்வேறு சூட்டில் வெந்நீர்க் கிணறுகள் உண்டு. துருக்கியப் பொதுக் குளியலகமான ஹமாமில் குவிமாடத்தின் சிறு கண்ணாடித் துளைகள் வழியே வெளிச்சம் இறங்கும். சூடேறிய சலவைக்கல்லில் உடம்பைச் சாய்க்கலாம். உடம்பு இளகினால் மனமும் இளகும் என்று அறிந்தவர்கள் கட்டியவை இவை. சுற்றுலா போய்ப் படமெடுத்தோம். ஊருக்குத் திரும்பி, காற்றும் வெளிச்சமும் நுழையாத தகரக் கதவு அறைகளைக் கட்டினோம்.

இனிக் கோயிலோ பள்ளிவாசலோ பொதுமண்டபமோ எதைக் கட்டினாலும் வரைபடத்தைக் குளிக்கும் இடத்திலிருந்து தொடங்குவோம். வழுக்காத தரை, உட்காரக் கட்டு, பிடிக்கக் கம்பி, மேலிருந்து வெளிச்சம், தேங்காத வடிகால், அருகில் ஒரு வேம்பு ஆகியவற்றுக்கு மினாராவுக்கோ கோபுரத்துக்கோ ஆகும் செலவு ஆகாது. பெண்களையும் முதியவர்களையும் முதலில் கேட்போம். அவர்கள் சம்மதித்த பிறகே அத்திவாரம் வெட்டுவோம்.